மூணு தலகாணி

டாக்டர் சுயம்புலிங்கம் பல வருஷம் கிராமத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, நரை விழுந்த பிறகு மேல்படிப்புக்கு வந்தவர். அவருக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஜெபராணிக்கு அவரைவிட வயது குறைவு. அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

மருத்துவத்தின் பெரிய பெரிய சொற்களை முருங்கைக்காய் முறிப்பதுபோல் முறிப்பார் சுயம்புலிங்கம். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம். எல்லாம் கிரேக்கம். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு குஷி!

ஒருநாள் காலை கேட்டார்.

"மேடம், எந்தச் சொல்லக் குடுத்தாலும் பொருள் சொல்லிடுறேன். இனி என்ன பாக்கி?"

"நாலாம் படுக்கை மாசானம் வீட்டுக்குப் போறேன்னு பையைக் கட்டுறார், சார். இதயம் சோர்ந்து நெஞ்சுல நீர் கோத்திருக்கு. இப்பப் போனா உயிருக்கு ஆபத்து. நிறுத்திட்டு வாங்க."

வாழைத்தார் சுமந்து காய்த்த கையால் மாசானம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்ன சீக்கு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"டிஸ்ப்னியா."

மாசானத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "புத்துநோயா சார்?"

"சேச்சே! டிஸ்னா சிரமம். ப்னியான்னா மூச்சு."

"அட போங்க சார்! அதத்தான வந்த அன்னைலேர்ந்து நான் சொல்லுதேன்!"

துண்டு பைக்குள் போனது. சுயம்புலிங்கம் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"சரியாத்தான் சொன்னேன், மேடம்."

"அவர் சொன்னதையே அவர்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கீங்க. வீட்டுல எத்தனை தலையணை வச்சுப் படுப்பார்னு கேட்டீங்களா?"

சுயம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். இதய நோயாளியிடம் எந்த டாக்டரும் கேட்கிற கேள்வி. சொல் முறிக்கிற சந்தோஷத்தில் மறந்தே போயிருந்தார். ஓடினார்.

"மூணு, சார்," என்றார் மாசானம். "சாஞ்சு கெடந்தாத்தான் மூச்சு வரும். இங்க ஒண்ணுதான் தந்தாவ. ராவெல்லாம் உக்காந்தே கெடக்கேன். வீட்டுக்குப் போயாவது கண்ணசரலாம்னுதான்."

சுயம்புலிங்கத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். வந்த வேகத்தில் ஓடினார்.

"மேடம், படுத்தா மூச்சு முட்டுது, நிமிர்ந்தா சரியாகுது! ஆர்த்தாப்னியா! ஆர்த்தோன்னா நேரா..."

"இந்தாங்க."

டாக்டர்கள் ஓய்வறையிலிருந்து எடுத்த இரண்டு தலையணைகள் ஜெபராணியின் கையில் இருந்தன.

இருவரும் போய் முதுகுக்குப் பின்னால் அவற்றை அண்டை கொடுத்ததும், "ஆங்... இதுதான் சார்," என்று சாய்ந்தார் மாசானம். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. சுயம்புலிங்கம் பையை மெல்ல எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் அந்தச் சொல்லை விட மனசில்லை.

"மேடம், ஆர்த்தாப்னியான்னு கேஸ் ஷீட்டுல எழுதிடட்டுமா?"

"தாராளமா எழுதுங்க. நல்ல சொல். அவர் எழுந்து என்ன சீக்குன்னு கேட்டா மட்டும், மூணு தலகாணின்னு சொல்லுங்க."