மாலை போட்ட நம்பர் பலகை

நூல் மில் வாசலில் தானியங்கித் தடுப்பு வந்ததும் மேனேஜர் அம்பலவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. “கார் நம்பர் பலகையைக் கேமரா படிச்சாத்தான் கம்பி தூக்கும். முகம் பார்த்துத் திறக்கிற காலம் போச்சு. நீ கை வைக்காதே. ஆயுதபூஜையோட உன் வேலை முடிஞ்சுது,” என்றார் காவல்காரி பேச்சியம்மாளிடம்.

பூஜையன்று கோயிலுக்குப் போய் வந்த அவர் காரே மாட்டிக்கொண்டது. பலகை முழுக்கச் சந்தனம், மேலே சாமந்தி மாலை. கம்பி அசைவேனா என்றது. பின்னால் முதலாளியின் கார்.

“என்னைத் தெரியலையா? திற,” என்றார் மேனேஜர் பேச்சியம்மாளிடம்.

“எனக்கு நல்லாத் தெரியுதுங்க ஐயா. அதுக்குத்தான் தெரியல.”

இறங்கி வந்த முதலாளி சிரித்தார். “ஆள் தெரிஞ்சவங்க ஒருத்தர் வாசல்ல இருக்கட்டும்யா.”

மேனேஜர் குத்துக்காலிட்டுச் சந்தனத்தைத் துடைத்தார். கம்பி எழுந்தது. பேச்சியம்மாள் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள், நம்பர் பலகைக்கு.