நூல் கட்டிய வேங்கை

விடிகிற நேரத்தில் மணியோசை கேட்டது.

கோயில் மணி போலத்தான் இருந்தது. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் கோயில் எதுவும் கிடையாது. வெறும் மரங்கள். மடத்துச் சமையற்கட்டில் உலை வைத்துக்கொண்டிருந்த மாசிலாமணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார். மறுபடியும் டணார் என்றது. வேண்டுதல் பலித்தவன் இழுக்கிற இழுப்பு.

போய்ப் பார்த்தார். வேங்கை மரத்தின் தாழ்ந்த கிளையில் புது வெண்கல மணி தொங்கியது. அதற்கடியில் லாரிக்காரர் பொன்னுரங்கம் ஈரத்துண்டோடு கைகூப்பி நின்றிருந்தார். அடமானத்தில் போன வண்டி திரும்பி வந்துவிட்டதாம். வேங்கையடி சாமிக்கு நேர்ந்துகொண்டது வீண்போகவில்லை என்றார். சாமிக்கு என்ன படையல் பிடிக்கும் என்றும் கேட்டார்.

"வறுத்த கடலை" என்றார் மாசிலாமணி. பொய் இல்லை. அடுப்பு வேலை முடிந்ததும் மாசிலாமணி போய் மறுமுனை பிடிக்க, எத்தனையோ வருஷம் ஒரே ரம்பத்தை இழுத்தவர் அந்தச் சாமி. மரம் அறுக்கும்போது மடி நிறையக் கடலை வைத்திருப்பார். பெயர் ஆனையப்பன். மடத்துத் தச்சர்.

ஆனையப்பனைப் போல ஒரு தச்சரை அந்த மலையடிவாரம் பார்த்ததில்லை. உளிக்காம்பில் குளவி கூடு கட்டிவிட்டது என்று, அது குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை பக்கத்து ஊரில் உளி இரவல் வாங்கி வேலை செய்த மனிதர். மரம் அறுக்கிறவனுக்கு மரத்தின்மேல் இத்தனை பாசமா என்று கேலி பேசியவர்களிடம், கறி தின்கிறவன் ஆட்டைத் தடவிக் கொடுப்பதில்லையா, நான் அவனைவிடக் கொஞ்சம் யோக்கியன் என்பார்.

ஒரு மரத்தை வெட்டுவதென்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் அடிமரத்தில் மஞ்சள் நூல் கட்டுவார். பிறகு மரத்தில் கையை வைத்து, வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்வார்: "இருக்கிறவங்க எல்லாரும் வேற இடம் பார்த்துக்கங்க. அவசரமில்லை. ஆனா வருவேன்."

அதன்பின் தினமும் காலையில் வந்து அண்ணாந்து பார்ப்பார். கூட்டில் குஞ்சு இருந்தால் பறக்கும்வரை பொறுப்பார். எல்லோரும் காலி செய்தபிறகுதான் கோடாலி. யாராவது போகவே மாட்டேன் என்றால் நூலை அவிழ்த்துவிட்டு வேறு மரம் தேடுவார்.

உச்சி காய்ந்துபோன அந்த வேங்கைக்கு அவர் நூல் கட்டியது மடத்து உணவுக்கூடத்துக்காக. கூடத்தின் நடு விட்டம் உளுத்துவிட்டது. இலையில் சோற்றின்மேல் தூள் கொட்டும். வெளியூர்க்காரர்கள் பெருங்காயம் என்று நினைத்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மழைக்கு முன்னால் புது விட்டம் ஏற்றிவிட வேண்டும் என்று ஆனையப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். நூல் கட்டிய சில நாளில் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

கருமாதி கழிந்த சாயங்காலம் மாசிலாமணி அந்த மரத்தடியில் ஓர் அகல் ஏற்றினார். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆனையப்பன் கை கடைசியாக முடிச்சுப் போட்ட இடம் அது. அவ்வளவுதான் அவர் நினைத்தது.

மறுநாள் மாவுமில் ராக்காயி விளக்கைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு நூல் கட்டினாள். அவள் மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. அப்புறம் யார் சொல்லியும் ஊர் கேட்கவில்லை. நூல்மேல் நூலாக அடிமரம் மஞ்சளாகிப்போனது. குங்குமம் வந்தது, சூடம் வந்தது. இன்று மணியும் வந்துவிட்டது.

வெளியிலிருந்து கூலிக்கு அழைத்துவந்த தச்சர்கள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். சாமி மரத்தில் கை வைக்கமாட்டோம் என்று பஸ் ஏறிவிட்டார்கள். வேறு மரம் வாங்கலாமே என்று மடத்தில் ஒருவர் சொன்னபோது, ஆனையப்பன் பார்த்து வைத்த விட்டத்தை மாற்ற நீ யார் என்று மாசிலாமணிதான் சண்டைக்குப் போனார். வெட்டவும் விடவில்லை, மாற்றவும் விடவில்லை. விட்டத்துக்கு மூங்கில் முட்டுக் கொடுத்துவிட்டு, தினமும் அந்த முட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

அன்று மதியம் விட்டத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து பந்தியில் விழுந்தது. யாத்திரை வந்த ஒரு பெரியவர் மோர் கேட்டு எழுந்துபோன இலையின்மேல் விழுந்தது. இலை இருந்த இடத்தில் தரை பெயர்ந்திருந்தது. பெரியவர் மோர்க் குவளையோடு திரும்பி வந்து, அதைப் பார்த்து, வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

மாசிலாமணி நேரே வடிவம்மையிடம் போனார். மடத்தை நடத்துகிற குரு அவர். மாசிலாமணியைவிட வயதில் இளையவர். அதனால் சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். முற்றத்தில் சாக்கு விரித்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் மாசிலாமணி கொட்டித் தீர்த்தார். வடிவம்மை கையை நிறுத்தாமல் கேட்டார்.

"அந்த மரம் அவர் கடைசியாத் தொட்டதும்மா. அதை வெட்டினா, அவரை ரெண்டாம் தடவை சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. வெட்டாம விட்டா, நாளைக்கு யார் தலையிலாவது விட்டம் இறங்கும். நான் என்ன செய்யட்டும்?"

வடிவம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்கண்ணே."

ஓடையைத் தாண்டி மரத்தடிக்குப் போனார்கள். வடிவம்மை மணியைப் பார்த்தார், பொன்னுரங்கம் படைத்துவிட்டுப் போன கடலைக் குவியலைப் பார்த்தார். ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நூல் கட்டினப்புறம் ஆனையப்பண்ணன் என்ன செய்வார்?"

"அண்ணாந்து பார்ப்பார்."

"பாருங்க."

மாசிலாமணி பார்த்தார். மைனாக்கூடு காலியாகக் கிடந்தது. பொந்தில் இருந்த ஆந்தையைச் சூடப்புகை எப்போதோ விரட்டிவிட்டது. மிச்சம் இருந்த அணில்களும் இன்று காலை மணிச்சத்தத்தில் ஓடியிருக்க வேண்டும். காய்ந்த கிளைகளுக்கு நடுவே வானம்தான் தெரிந்தது.

"யாரும் இல்லைம்மா."

"நல்லாப் பாருங்க."

மறுபடியும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கழுத்து வலித்தது. தலையைக் குனிந்தபோது கண் நிறைந்திருந்தது.

"ஒருத்தர் இருக்கார்" என்றார்.

"அவரைக் குடிவெச்சது யாரு?"

"நான்தாம்மா."

வடிவம்மை தலையாட்டினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நூல்களுக்கு மேலே வெறும் பட்டை தெரிகிற இடமாகப் பார்த்துக் கையை வைத்தார். அக்கம்பக்கத்து வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"ஆனையப்பண்ணே, வேற இடம் பார்த்துக்கங்க. அவசரமில்லை. ஆனா வருவோம்."

மாசிலாமணிக்கு முதலில் திக்கென்றது. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி வந்தது. அழுகை என்று நினைத்து வாயைப் பொத்தினார். வந்தது சிரிப்பு. தனக்கே அந்த வார்த்தையைச் சொல்லக் கேட்டால் ஆனையப்பன் எப்படி முழிப்பார் என்று தோன்றிவிட்டது. எத்தனையோ மரங்களைக் காலி செய்யவைத்த மனிதர். மரத்தில் சாய்ந்துகொண்டு, குங்குமம் முதுகில் ஒட்டுவதுகூடத் தெரியாமல் சிரித்தார். ஆனையப்பன் செத்தபிறகு மாசிலாமணி சிரித்தது அதுதான் முதல் தடவை. வடிவம்மை இன்னொரு கடலையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் மூச்சு நெஞ்சுக்கூடு முழுக்க இறங்கி ஏறியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரம்பத்துக்கு ரெண்டு பிடிம்மா" என்றார். "அந்தப் பக்கம் ஆள் இல்லாம அதைத் தொடவே கை வரலை. மரத்தைச் சாக்கு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் போல."

"அந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறேன். எனக்கு இழுக்கத் தெரியாது. திட்டாமச் சொல்லிக் குடுங்க."

"அவரே என்கிட்ட திட்டு வாங்கினவர்தான்."

"அப்ப கொஞ்சமாத் திட்டுங்க."

மாசிலாமணி மணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பொன்னுரங்கத்திடம் தானே கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். திரும்பி நடக்கும்போது ஓடைக்கு நடுவில் நின்றுவிட்டார். தண்ணீர் கணுக்காலைச் சுற்றி ஓடியது.

"அம்மா, அவர் எங்கேம்மா போவார்?"

வடிவம்மை மேற்கே மேகத்தைப் பார்த்தார்.

"மழை வருதுண்ணே. ஒழுகாத இடம் ஒண்ணு இருந்தா அவரே வந்துடுவார்."

மாசிலாமணி உணவுக்கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே கரையேறினார். முற்றத்துக்கு வந்ததும் வடிவம்மை சாக்கில் உட்கார்ந்து, மிச்சப் புளியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.