வாகையூரில் செருப்புக் காத்த ஆவுடையம்மையார்

வாகையூர்ச் சிவன் கோயிலின் கிழக்கு வாசலில் செருப்புக் காக்கும் திருப்பணி செய்து வந்தவர் ஆவுடையம்மையார். திருப்பணி என்று நாம்தான் சொல்கிறோம். ஊரார் அதை வேலை என்றுகூடச் சொன்னதில்லை; "வாசல்ல கெடக்கா" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். கணவரை இளவயதிலேயே இழந்தவர், பிள்ளைப்பேறு இல்லாதவர். கோபுர நிழலில் ஒரு சாக்கை விரித்து, வருகிறவர்கள் கழற்றிப் போடும் செருப்புகளை வரிசையாக வைத்துக் காத்து, அவர்கள் திரும்பும்போது உரியவர் கால் முன்னே எடுத்து வைப்பார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கொடாமல் போகிறவரிடமும் முகம் சுளிக்க மாட்டார்.

அவர் வரிசையில் ஒரு முறை உண்டு. எந்தச் செருப்பும் கோயிலுக்கு முதுகு காட்டி இருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் முனை சன்னதியைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். அடியாருடைய கால் உள்ளே போயிருக்கிறது, அந்தக் காலைச் சுமந்தது வெளியே நின்றாலும் சாமியைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசிச் செருப்பும் போன பிறகே அம்மையார் உள்ளே நுழைவார். அதற்குள் திரை போட்டிருப்பார்கள். திரையைக் கும்பிட்டுவிட்டு வருவார். அதற்காக அவர் ஒரு நாளும் குறைபட்டுக்கொண்டதில்லை.

இத்தனை சாதுவானவர் ஊர் முழுவதையும் எதிர்த்து நின்றார் என்றால் அதற்குக் காரணம் ஒரு பெயர்.

வாகையூரில் ஆனித் திருமஞ்சனத்தன்று பேர் வாசிப்பு நடக்கும். ஊருக்கும் கோயிலுக்கும் உழைத்தவர்களின் பெயர்களைக் கூத்தப்பெருமான் சன்னதியில் ஓதுவார் ஒவ்வொன்றாகப் படிப்பார். பெயருக்கு ஒரு பூ தூக்கிய திருவடியில் சார்த்தப்படும். குளம் வெட்டியவர், தேருக்கு மரம் கொடுத்தவர், நந்தவனம் வைத்தவர் எல்லாரும் அதில் உண்டு. கோயில் மண்டபத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வைத்தவர் என்று மிராசு வீட்டு முன்னோர் ஒருவரின் பெயரும் இருந்தது.

அம்மையாரின் தகப்பனார் சாகும் தறுவாயில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு விதமாகச் சொன்னார். "மண்டபத்துல பள்ளிக்கூடம் வச்சது எங்க தாத்தா, மணியம்பலம் வாத்தியாரு. வாசிப்புல இருந்து அவுக பேரை எடுத்துட்டாக. எதுக்குன்னு எங்க வீட்டுலயே யாரும் வாயத் தொறக்கல. தாத்தா பேரைத்தான எனக்கு வச்சிருக்கணும்? அதையும் வைக்கல. நீ கேட்டு வாங்கு தாயி."

கேட்டு வாங்கு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கேட்கப் போனவர் பட்ட பாட்டை அல்லவா நாம் சொல்ல வேண்டும்.

அப்போது திருவிழாக் கமிட்டித் தலைவராக இருந்தவர் மிராசு வீட்டுத் தீத்தாரப்பர். ஆள் கெட்டவர் இல்லை. தம் குடும்பத்துப் பெருமையில் பிறருக்கு இடம் விடத் தெரியாதவர், அவ்வளவுதான். அம்மையார் போய் நின்றதும் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். செருப்புக் காக்கிறவளுடைய பூட்டன் வாத்தியார் என்றால் நம் பூட்டனெல்லாம் ராஜாவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

கொண்டுவர மாட்டாள் என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. அம்மையார் அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரமெல்லாம் அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். இன்று போய் நாளை வா என்றார்கள், போனார், வந்தார். அந்தக் கட்டு எலி கடித்துப் போயிற்று என்றார்கள். எலி விட்டது எதுவோ அதைக் காட்டுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார். கடைசியில் பத்திர ஆபீஸில் ஒரு பழைய கிரயப் பத்திரம் அகப்பட்டது. கோயில் தெருவில் வீடு வாங்கியவர் மணியம்பலம், தொழில் உபாத்தியாயர் என்று இருந்தது. நகலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீடு இருந்தது சரி, பள்ளிக்கூடம் வைத்ததற்கு என்ன சாட்சி என்று அடுத்த முட்டுக்கட்டை விழுந்தது. அம்மையார் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னார்.

அங்கேதான் இடி விழுந்தது. தலைமையாசிரியை பக்கத்தைப் புரட்டி வாசித்தார். ஆசிரியர் மணியம்பலம் என்று தலைப்பில் இருந்தது, அதுவரை மகிழ்ச்சிதான். கீழே பிள்ளைகளின் பெயர்கள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் மணியம்பலம். அடுத்த பிள்ளைக்கும் மணியம்பலம். அதற்கடுத்ததற்கும். பக்கம் திரும்பியும் அதே பெயர். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள். வாசித்தவருக்கே குரல் தணிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அம்மையார் கோயில் வாசலுக்குத் திரும்புவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் பாடம் நடத்தினாரா வேறு எதையும் நடத்தினாரா என்றார்கள். எங்கள் தாத்தாவும் உங்கள் பூட்டன் பெற்றதுதானா, பார்த்துச் சொல்லுங்கள் என்று செருப்பை நீட்டிக்கொண்டே கேட்டார்கள். பெயரை ஏன் எடுத்தார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டதாம்.

தீத்தாரப்பர் அம்மையாரைத் தனியாகக் கூப்பிட்டார். பதிவேட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம், நான் சொன்னால் ஊரும் அடங்கிவிடும், நீ இந்தப் பேச்சை விட்டுவிடு என்று இதமாகவே சொன்னார். அம்மையார் தலை நிமிர்ந்து சொன்ன பதிலை வாகையூர் இன்றும் மறக்கவில்லை.

"ஒளிக்க வேண்டாம் அண்ணாச்சி. அத்தனையும் அவுக பிள்ளைகதான்னு அவுகளே எழுதி வச்சிருக்காக. பெத்துட்டு இல்லைன்னு சொன்ன ஆம்பளைய நாம பாத்திருக்கோம். இவுக எல்லாத்தையும் எம்பிள்ளைன்னு சொன்னவுக. எனக்கு இதுல என்ன கேவலம்? பேரைப் படிங்க."

நெஞ்சில் குத்து இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. பூட்டனாரைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கூத்தப்பெருமானின் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒருவர், வெட்கப்பட வேண்டியதைத் தம் கையாலேயே எழுதி வைத்திருக்க மாட்டார் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்டால் அவரிடம் கிடையாது. சாமியைக் கும்பிடுகிற நம்மிடம் மட்டும் என்ன ஆதாரம் இருக்கிறது?

கமிட்டிக்குக் கோபம் வந்தது. கோயில் செருப்பு நிறுத்தம் குத்தகைக்கு விடப்பட்டது. தகரக் கொட்டகையும் டோக்கனும் வந்தன. அம்மையார் கோபுர நிழலை இழந்தார். சாக்கைச் சுருட்டிக்கொண்டு தேரடிக்குப் போய் வெயிலில் விரித்தார். பழகியவர்கள் அங்கேயும் தேடிவந்து கழற்றிப் போட்டார்கள். அங்கிருந்தும் முனைகளைச் சன்னதிப் பக்கமாகவே திருப்பி வைத்தார். சந்தேகம் இருந்தவர்கள் கோபுரத்தைக் குறிவைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு விரற்கடைகூட விலகியிருக்காது.

தேரடியில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் அம்பலம். ஆற்றுக்கு அக்கரையில், தோல் வேலை செய்கிறவர்கள் வாழும் தெருவைச் சேர்ந்தவர். தம் குடையைப் பாதி அம்மையார் பக்கம் சாய்த்து நட்டுவைத்தார். ஆனால் ஏனோ முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார்.

அம்மையாரின் தேடல் நிற்கவில்லை. இருந்த இடம் தெரிந்தது, இறந்த இடம் தெரியவில்லை. வாகையூர் இறப்புப் பதிவில் பூட்டனார் இல்லவே இல்லை. அக்கரைக் கிராமத்தின் பதிவைத் தேடச் சொன்னபோது, அங்கே எதற்கம்மா போயிருக்கப் போகிறார் என்று குமாஸ்தா அலுத்துக்கொண்டார். அங்கேதான் இருந்தார். மணியம்பலம், உபாத்தியாயர், காலரா. தகவல் சொன்னவர் மகன் என்று எழுதி ஒரு பெயர் இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் வாசித்த பிள்ளைகளில் ஒருவனின் பெயர்.

நகலைக் கொண்டுவந்து, இந்தப் பெயரில் உங்கள் தெருவில் யாராவது இருந்தார்களா என்று அம்பலத்திடம் கேட்டார். அம்பலம் ஊசியைக் கீழே வைத்தார்.

"அது எங்க அப்பாவைப் பெத்தவருதான், அக்கா. எம் முழுப்பேரு மணியம்பலம்தான். எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு மணியம்பலம் உண்டு. வாத்தியாரு வளத்த பிள்ளைக ஒவ்வொருத்தரும் தம் மவனுக்கோ பேரனுக்கோ அவுக பேரை வச்சாக. நாங்களும் விடாம வைக்கோம். நான் முன்னமே சொல்லியிருக்கணும். எங்க பேரும் சேந்தா உங்களுக்கு இன்னும் கேவலம் வந்துருமோன்னு பயந்துட்டேன்."

பிறகு அவர் சொன்னது இது. ஒரு காலராவில் அக்கரைத் தெருவின் பெரியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே போனார்கள். பிணங்களுக்கு நடுவில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை மணியம்பலம் வாத்தியார் ஆற்றைக் கடந்து போய் அழைத்துவந்து தம் வீட்டில் வைத்துக்கொண்டார். கோயில் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தப் பள்ளிக்கூடம். தகப்பன் பெயர் கேட்டால் என்ன எழுதுவது? தம் பெயரையே எழுதினார். உண்மை தெரிந்ததும் கோயில் தெருவே கூடிப் பிள்ளைகளை வெளியேற்றச் சொன்னது. வாத்தியார் வெளியேற்றினார், கூடவே தாமும் வெளியேறினார். மனைவியும் சொந்த மகனும் வர மறுத்து நின்றுவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மறுபடி மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பின்னொரு காலராவில் அங்கேயே கண்ணை மூடினார். பெற்ற வீடு அவர் பெயரை வைக்கக் கூசியது. வளர்ந்த வீடுகள் அதைக் கீழே போடவே இல்லை.

அம்மையார் அழுதார். அழுகையைத் துடைத்துக்கொண்டு நேரே தீத்தாரப்பரிடம் போனார். இப்போது அவர் சிரிக்கவில்லை. அக்கரைக்காரர்களுக்குத் தகப்பன் என்று பொய் எழுதிய பெயரைச் சாமி முன்னால் எப்படிப் படிப்பது, முன்னோர் எடுத்தது எடுத்ததுதான் என்று முடித்துவிட்டார்.

"நீங்க படிக்க வேண்டாம் அண்ணாச்சி. கேக்கணும்னு நெனச்சா சாமி கேட்டுக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு அம்மையார் தேரடிக்குத் திரும்பினார்.

அன்று மாலை அம்பலம் கடையைச் சீக்கிரமே கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். தெருவில் கூடிப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது ஆனித் திருமஞ்சனத்தன்று தெரிந்தது.

அன்று நல்ல கூட்டம். தகரக் கொட்டகை காலையிலேயே நிரம்பி டோக்கன் தீர்ந்துவிட்டது. வந்தவர்கள் தேரடிக்கு ஓடிவந்து கழற்றிப் போட்டார்கள். தீத்தாரப்பரும் அவசரத்தில் தம் புதுச் செருப்பை அங்கேயே உதறிவிட்டு உள்ளே போனார். அம்மையார் அதையும் எடுத்து வரிசையின் கடைசியில், முனை சன்னதியைப் பார்க்க வைத்தார். பிறகு அக்கரைத் தெரு வந்தது. கிழவர்கள், இளைஞர்கள், இடுப்புக் குழந்தைகள். தேய்ந்த செருப்புகளும் டயர் செருப்புகளும் வரிசையில் சேர்ந்தன.

பேர் வாசிப்பு ஊருக்கெல்லாம் கேட்க வேண்டுமென்று கமிட்டியார் சன்னதியில் மைக் வைத்திருந்தார்கள். மிராசு வீட்டுப் பெயர் கணீரென்று ஒலித்தது. வாசிப்பு முடிந்து அர்ச்சனை தொடங்கியது. அர்ச்சகர் செல்லப்பா பட்டர் தட்டை வாங்கிப் பெயர் கேட்டார்.

"மணியம்பலம்."

பட்டர் பெயரைச் சொல்லிப் பூவிட்டார். அடுத்த தட்டு. "மணியம்பலம்." அதற்கடுத்த தட்டு, தாயின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு. "மணியம்பலம்." எடுக்கப்பட்ட பெயர் ஒலிபெருக்கி வழியாகக் கோபுரத்தைத் தாண்டித் தேரடிக்கு வந்துகொண்டே இருந்தது. வெயிலில் நின்ற அம்மையார் ஒவ்வொரு முறையும் கை குவித்தார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. தீத்தாரப்பர் பட்டரின் காதருகே போய், போதும் நிறுத்துங்கள் என்றார். பெயரைக் கேட்டுச் சொல்வதுதான் என் வேலை, பெயரைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது இல்லை என்று பட்டர் சொன்னதும் மைக்கில் கேட்டது.

கடைசியாக வந்தவர் எழுந்து நிற்க முடியாத ஒரு முதியவர். அவர் பெயரும் அதுவே. ஆனால் அர்ச்சனை தமக்கில்லை என்றார். "எங்க தாத்தாவுக்கு, சாமி. மணியம்பலம் வாத்தியாரு. நட்சத்திரம் தெரியாது."

சிவனுடைய திருவாதிரையே இருக்கட்டும் என்று பட்டர் பெயரைச் சொல்லி வாயை மூடவில்லை. தூக்கிய திருவடியில் காலையிலிருந்து அசையாமல் இருந்த செந்தாமரை நழுவி விழுந்தது. சன்னதி முழுவதும் பார்த்தது. அடியார் பெயர் அரங்கேறியதற்குச் சாமியே கையெழுத்துப் போட்டார் என்று நாம் சொல்வோம். வேறு விதமாகச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பட்டர் அந்தப் பூவைத் தட்டில் ஏந்தி, கூட்டம் வழிவிட, தேரடிக்கு வந்தார். அம்மையார் பதறிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். செருப்பெடுத்த கை என்றார்.

"இது திருவடியில இருந்து வந்த பூம்மா. எங்க வரணும்னு அதுக்குத் தெரியும்" என்றார் பட்டர்.

அம்மையார் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். பிறகு குனிந்து, வரிசையாக நின்ற அக்கரைத் தெருச் செருப்புகளின் முன்னால் அந்தப் பூவை வைத்து விழுந்து வணங்கினார். தெய்வத்தின் பூவைச் செருப்புக்கு வைப்பதா என்று தீத்தாரப்பர் கூட்டத்திலிருந்து அதட்டினார். அம்மையார் எழுந்து நின்று சொன்னார்.

"எங்க பூட்டனாரு இந்தக் கால்களோடதான் போனாக. எங்க வீடு போகாம நின்னுட்டுது. அந்தக் கடன் இன்னைக்குத்தான் தீருது அண்ணாச்சி. பூ இங்கதான் இருக்கும்."

தீத்தாரப்பருக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. ஆனால் அவர் செருப்பும் அதே வரிசையில்தான் இருந்தது; இன்று அதை எடுத்துக் கால் முன்னே வைக்க அம்மையார் நகரவில்லை. சுட்ட மண்ணில் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நின்று பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்திருக்க, அந்தப் பூவின் முன்னால் இடுப்பு வளைத்துக் குனிந்துதான் எடுத்தார்.

மறு ஆண்டு பேர் வாசிப்பில் மணியம்பலம் வாத்தியார் பெயர் இருந்தது. படித்தவர் ஓதுவார், படிக்கச் சொன்னவர் தீத்தாரப்பர். கோபுர நிழலும் அம்மையாருக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் வேண்டாமென்று தேரடியிலேயே இருந்துவிட்டார், அம்பலத்தின் குடையே போதுமென்று.

வாகையூர் போகிறவர்கள் உள்ளே போய்ச் சாமியைக் கும்பிடுவது நல்லது. அதற்கு முன் தேரடியில் நின்று, ஆவுடையம்மையார் காத்த அந்த மண்ணில் நம் செருப்பையும் கழற்றி, முனையைச் சன்னதிக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போவோம்.