வழியில்லை என்றான் முன்தூக்கி

மேழிநாடு என்று ஒரு நாடு. வெகுகாலத்துக்கு முன்னால் அதைக் குன்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. உழைக்கிறவர்கள் தங்கள் குறையைச் சொல்வதற்கென்று முறைமன்றம் ஒன்று கட்டினான். கட்டிய நாள்முதல் அங்கிருந்து ஒரு முறையீடுகூட ராஜா காதுக்கு வரவில்லை. ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீர்களா, என் நாட்டில் உழைப்பவனுக்கு ஒரு குறையும் கிடையாது" என்றான் சபையில்.

"குறை என்ற சொல்லே ஜனங்களுக்கு மறந்துவிட்டது பிரபு" என்று ஒத்து ஊதினார் பல்லக்குச்சாலை அதிகாரி செவ்வந்திநாதர். அமைச்சர் இளநாகரின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

இளநாகருக்கோ ஒரு வியாதி. எதையாவது பார்த்து 'ஏன்?' என்று தோன்றிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "பிரபு, குறையில்லாத வீட்டில்கூடக் குழம்பில் உப்பில்லை என்று ஒரு குரல் கேட்கும். ஒரு நாடே வாய் திறக்கவில்லை என்றால், ஏன் என்று பார்க்க வேண்டாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் அமாவாசைக்குள் ஒரே ஒரு முறையீட்டை என் காதில் விழவையும். முடியாவிட்டால் உம் மோதிரம் செவ்வந்திநாதர் விரலுக்குப் போகும்."

செவ்வந்திநாதர் அப்போதே விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இளநாகர் நேரே பல்லக்குச்சாலைக்குப் போனார். அங்கே பல்லக்கின் பின்கொம்பைச் சுமக்கும் பின்தூக்கி சடையன் தோளில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தோள் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. அதைப் பார்த்த அமைச்சருக்கு மோதிர நினைப்பே போய்விட்டது.

"இதென்னப்பா கொடுமை?"

முன்தூக்கி வேம்பன்தான் பதில் சொன்னான். "சுமைதாங்கிக் கல்லு வந்தா இறக்கிவச்சுத் தோள் மாத்துறது எங்க வழக்கம் சாமி. எங்கயும் நிக்காத பல்லக்குன்னு ராசாகிட்ட பேரு வாங்கணும்னு அதிகாரி அதை நிப்பாட்டிட்டாரு. படுத்தவனுக்கு இங்க வேலையில்லன்னும் சொல்லிட்டாரு. அமாவாசைக்கு மலைக்கோவில் போகணும். இவன் எப்படித் தூக்கப்போறானோ தெரியல."

"முறைமன்றத்துக்குப் போகக் கூடாதா?"

"போனோமே. நீங்க எந்தச் சாலை ஆளுன்னு உங்க அதிகாரியே வந்து சாட்சி சொல்லணும்னாங்க. அவரு மேலதான் முறையீடுன்னோம். அவரைக் கூட்டிட்டு வந்து சொல்லுன்னாங்க."

மன்றம் வெறிச்சோடிக் கிடந்த காரணம் அமைச்சருக்குப் புரிந்தது. பாலைக் குடித்த பூனையையே சாட்சிக்குக் கூப்பிட்டால் எந்தப் பூனை வரும்?

"ராஜா உங்கள் தோளில்தானே வருகிறார். அப்போது சொல்லலாமே?"

"பல்லக்கு தோள்ல இருக்கும்போது வழிச்சொல் தவிர வேற பேசக் கூடாது சாமி."

"அது என்ன வழிச்சொல்?" அமைச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பின்னால வர்றவனுக்குப் பல்லக்கோட முதுகுதான் தெரியும். பாதை தெரியாது. அதனால நான் கல்லு, பள்ளம்னு சொல்லிக்கிட்டே போவேன். 'வழியில்லை'ன்னு சொல்லிட்டா அத்தனை பேரும் நின்னுடுவாங்க. ராசா சொன்னாலும் நகரக் கூடாது. இப்ப இருக்கிற ராசாவோட பாட்டனார் ஒரு தரம், 'வழி இருக்கு, நட'ன்னு அதட்டி வாய்க்கால்ல விழுந்தாரு. முன்பல்லு போச்சு. அன்னிக்கு அவரே போட்ட சட்டம்."

இளநாகர் வாய்விட்டுச் சிரித்தார். "வேம்பா, அமாவாசையன்று நீ பார்த்ததை மட்டும் சொல். பயப்படாதே, பக்கத்திலேயே நான் வருவேன்."

"வேணாம்ணே, இருக்கிற வேலையும் போயிரும்" என்றான் சடையன். வேம்பன் அவன் தோளைப் பார்த்தான்.

அமாவாசையன்று பல்லக்கு புறப்பட்டது. ஒரு பக்கம் செவ்வந்திநாதர், மறு பக்கம் இளநாகர். மலையடிவாரத்துச் சுமைதாங்கிக் கல்லருகே வந்ததும் வேம்பன் குரல் கொடுத்தான்: "வழியில்லை."

பல்லக்கு நின்றது. ராஜா திரையை விலக்கிப் பார்த்தான். பாதை துடைத்துவைத்ததுபோல் கிடந்தது.

"நடங்கடா" என்று பாய்ந்தார் செவ்வந்திநாதர். ஒருவரும் அசையவில்லை.

"தங்கள் பாட்டனார் போட்ட சட்டம் பிரபு" என்று மெல்ல நினைவூட்டினார் இளநாகர்.

பாட்டனாரின் பொக்கை வாய் ராஜாவுக்கு நினைவு வந்தது போலும். "என்னப்பா தடை?" என்று தணிவாகவே கேட்டான்.

"பின்னால சடையன் தோள்ல சீழ் வச்சிருக்கு மகாராசா. இன்னும் நாலடி வச்சா விழுந்துருவான். அவன் விழுந்தா நீங்களும் விழுவீங்க. கல்லுல இறக்கித் தோள் மாத்தவும் எங்களை விடுறதில்ல. பார்த்த தடையைச் சொல்லலன்னா என் மேல குத்தம்."

செவ்வந்திநாதருக்கு வியர்த்துவிட்டது. "பிரபு, இது வழிச்சொல் இல்லை. இது முறையீடு. என் சாலை ஆட்கள் என் மேலேயே முறையிடுகிறார்கள்."

இளநாகர் கைகூப்பினார். "முறையீடு என்று நான் சொல்லவில்லை பிரபு, அதிகாரியே சொல்லிவிட்டார். இவர்கள் தம் சாலை ஆட்கள் என்று நேரில் நின்று சாட்சியும் சொல்லிவிட்டார். மன்றத்து விதி கேட்பது இவ்வளவுதான்."

ராஜா இறங்கிப் பின்னால் போனான். சடையன் தோளைப் பார்த்ததும் அவன் முகம் சிறுத்துவிட்டது. "இத்தனை நாள் மேலே உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?"

"உள்ளே இருப்பவருக்கு ஆட்டம் தெரியாமல் தூக்குவதுதானே இவர்கள் தொழில்" என்றார் இளநாகர்.

"மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். வேறென்ன வேண்டும், கேளும்."

"முறையிட வருபவன் அதிகாரியைக் கூட்டிவர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் பிரபு."

"சொன்னேன்" என்றான் ராஜா. பிறகு சடையனைப் பல்லக்கில் ஏற்றச் சொன்னான், பின்கொம்புக்குச் செவ்வந்திநாதரை அனுப்பினான், தான் நடந்தே வந்தான்.

சற்றுத் தூரம் போனதும் ராஜாவுக்கு ஆவல். "சடையா, சவாரி எப்படி?"

உள்ளே சடையன் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அதிகாரியைக் கேக்காமலே சொல்லலாமா மகாராசா?"

"சொல்லு."

"ரொம்ப ஆடுது. பின்னால தூக்குறவரு சரியில்ல." சடையன் எட்டிப் பார்த்தான். செவ்வந்திநாதர் நாக்குத் தள்ளி வந்துகொண்டிருந்தார். "ஆனா அவரு மேல தப்பில்ல மகாராசா. பழகாத தோளு, வலிக்கும். இறக்கிவச்சு அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

பல்லக்கை இறக்கினார்கள். செவ்வந்திநாதர் தலை நிமிராமல் தண்ணீர் குடித்தார்.