கல்கௌதாரி மார்பைத் தேய்த்த பகல்

பறவைகள் பேசினால் மனிதருக்கும் புரிந்த நாட்களில், மழை எட்டிப் பார்க்காத ஒரு பாலை இருந்தது. அதன் நடுவே மணற்பாறைகள் பிளந்து, ஆழமான இடுக்குகளாக வளைந்து வளைந்து போயின. அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போக அதைத் தவிர வேறு வழி கிடையாது. உள்ளே நுழைந்தவர்களுக்குத் திசை தப்பிவிடும். எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரே சிவப்பு. தலைக்கு மேலே ஒரு கீற்று வானம்.

அங்கே வழிகாட்டியாக இருந்தது ஓர் ஆண் கல்கௌதாரி. புறா அளவில், மண் நிறத்தில் இருக்கும் பறவை. முன்னால் குடுகுடுவென்று ஓடும், ஆள் வந்து சேரும்வரை நிற்கும், மறுபடி ஓடும். வருஷக்கணக்கில் இதே வேலை. அதற்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வியால் மனசும் ஓய்ந்துபோயிருந்தது. தண்ணீர் இன்னும் எவ்வளவு தூரம் என்பார்கள். உண்மையைச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் "அடுத்த வளைவுதான்" என்று சொல்லப் பழகிவிட்டது.

ஒரு கோடையில் காடாத்தி என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். மேய்ச்சல் தேடி ஆடுகளோடு முன்னால் போன புருஷனிடம் போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் குழந்தைக்கு உடம்பு கொதித்தது.

"அண்ணே, தண்ணி எவ்வளவு தூரம்?"

"அடுத்த வளைவுதான் தாயி," என்றது கௌதாரி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் நம்பினாள். சுரைக்குடுக்கையில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் முந்தானையில் ஊற்றி, குழந்தையின் உடம்பைத் துடைத்துவிட்டாள்.

அந்த வளைவு போயிற்று. அடுத்ததும் போயிற்று. எத்தனையோ வளைவுகள் தாண்டி, வழியிலிருந்த ஒரே சுனைக்கு வந்தபோது, அங்கே வெடித்த சேறுதான் கிடந்தது. அந்தக் கோடை அதையும் குடித்துவிட்டிருந்தது.

காடாத்தி பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீங்க சொன்னதாலதான் ஊத்தினேன்," என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது.

சுனைக்குப் பின்னால் பாறையில் ஒரு வெடிப்பு உண்டு. மனிதக் கை அடிவரை எட்டாது. கௌதாரி அதற்குள் இறங்கியது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அலகில் ஏந்தி வந்தது. அந்தத் துளி குழந்தையின் உதட்டுக்கே போதவில்லை. பிறகு தண்ணீரில் அமுங்கிப் பார்த்தது. அப்போதெல்லாம் அதன் இறகு வாத்தின் இறகைப் போல வழவழப்பு. வெளியே வருவதற்குள் எல்லாம் உருண்டு வழிந்துவிட்டது.

கௌதாரி மணற்பாறையில் மார்பை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் காடாத்தி.

"இருங்க தாயி."

மினுமினுப்புப் போனது. இறகு பிசிறு பிசிறாகப் பிரிந்து பஞ்சு போல ஆனது. சில இடங்களில் ரத்தம் கசிந்தது. அப்படியே போய்த் தண்ணீரில் மார்பை அழுத்திக் கிடந்தது. எழுந்தபோது உடம்பு கனத்தது. தட்டுத்தடுமாறிப் பறந்து வந்து, குழந்தையின் வாயருகே நெஞ்சை வைத்தது. குழந்தை முதலில் அசையவில்லை. பிறகு இறகைக் கவ்விச் சப்பத் தொடங்கியது.

கௌதாரி மறுபடி போனது. மறுபடி வந்தது. குழந்தை கண்ணைத் திறந்த பிறகு தாயின் உள்ளங்கையிலும் சொட்டவிட்டது.

மெல்ல நடந்து, பொழுது சாயும்போது இடுக்கு முடியும் இடத்துக்கு வந்தார்கள். தூரத்தில் ஆடுகள் கத்தின.

"புள்ள பொழைச்சுக்கிட்டான் அண்ணே. ஆனா இனிமே யாருக்கும் 'அடுத்த வளைவுதான்'னு சொல்லாதீங்க."

"இனிமே யாருக்கும் வழியே காட்டப்போறதில்ல தாயி. என்னால முடியல."

அவள் அதன் முதுகை ஒருமுறை தடவிவிட்டு நடந்தாள். கௌதாரி மணலில் வயிறு படிய உட்கார்ந்தது.

மனிதக் காலடி கேட்டதும் கல்கௌதாரி பறந்துவிடுவது அந்தப் பகலுக்குப் பிறகுதான். ஆண்பறவை எங்கோ தொலைவில் மார்பை நனைத்து, அந்தப் பாரத்தோடு திரும்பி வந்து, குஞ்சுகள் சப்பி முடிக்கும்வரை வெயிலில் நின்றுகொண்டே இருப்பதும் அன்று தொடங்கியதுதான்.