நெய்யும் போகாது

அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் பூவாயி நெய் திருடினாள் என்று உணவுப் பொருள்கள் வைக்கும் உக்கிராண அறையின் அதிகாரி கைகாட்டினார். ராஜாவும் மறுபேச்சில்லாமல் அவளைச் சிறையில் தள்ளினார். அவள் உள்ளே போன பிறகும் நெய் குறைந்துகொண்டே வந்தது. இனியாவது விட்டுவிடுவார்கள் என்று பூவாயி தினமும் வாசலையே பார்த்திருந்தாள்.

ஒருநாள் ராஜாவே வந்தார், கூடவே அதிகாரியும்.

"இவ பெரிய கைகாரி, மகாராஜா. ராத்திரி கம்பி வழியா நழுவிப்போய்த் திருடிட்டு, திரும்பி வந்து படுத்துக்கறா. இல்லேன்னு நிரூபிக்கச் சொல்லுங்க."

ராஜா தலையாட்டினார். பூவாயிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நழுவத் தெரிந்தவள் இந்தப் புளித்த கூழுக்காகவா திரும்பி வருவாள்? சொன்னால் இவர்களுக்கு ஏறாது.

"ஐயா சொல்றது சரிதான், சாமி. இந்தக் கம்பிக்கு நான் அடங்க மாட்டேன். என்னை உக்கிராணத்திலேயே பூட்டி, ராத்திரி முழுக்கக் கதவுல காவல் போடுங்க. நானும் போகமாட்டேன், நெய்யும் போகாது."

அதிகாரி பதறினார். "ராத்திரியும் ஆள் நின்னா நான் எப்படி எடுத்துக்கிட்டுப் போறது?"

"எதை?" என்றார் ராஜா.

அதிகாரி மெல்லப் பின்வாங்கினார். ராஜா சைகை காட்ட, காவலன் பூவாயியின் பூட்டைத் திறந்தான்.

"இவர்கிட்டக் கேள்வி கேக்கறதை முதல்நாளே செஞ்சிருக்கலாமே, சாமி," என்று அலுத்துக்கொண்டே பூவாயி வெளியே வந்தாள்.