நகம் பதிந்த காலெழுத்து

மூங்கிலாற்றுக் காட்டில் கருமுத்து என்றொரு கரடி இருந்தது. அதன் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மண்ணுக்கடியில் கரையான் புரண்டு படுத்தாலும் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். அடுத்த மலையில் தேனடை சொட்டினால் இங்கே கருமுத்துவுக்கு எச்சில் ஊறும். கண் மட்டும் கொஞ்சம் மங்கல். எதிரே நிற்பது மானா மரமா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லும்.

இப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு, அது ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து வாங்கியது. அதுவும் போனில்!

காட்டோரம் டவர் வந்ததிலிருந்து போன் இல்லாத பிராணியே கிடையாது. 'காட்டுக்கடை' என்று ஓர் ஆப் இருந்தது. உதிர்ந்த மயிலிறகு, ஒடிந்த கொம்பு, பாதி கடித்த மாங்காய், எல்லாம் அதில் விலைக்கு வரும். பணம் கிடையாது. பண்டத்துக்குப் பண்டம்தான்.

அந்தக் காட்டில் பூம்பொறி என்ற சிறுத்தைக்குப் பெரிய பேர். பேய்ப்பள்ளத்தை ஒரே தாவலில் தாண்டியது அது மட்டும்தான். அன்று கூட்டத்தோடு நின்று கருமுத்துவும் பார்த்தது. மஞ்சளாக ஏதோ ஒன்று போனதுதான் அதன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் கைதட்டித் தட்டி உள்ளங்கை வீங்கிப் போனது. அன்று முதல் பூம்பொறி என்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் போனைத் தடவிக்கொண்டிருந்த கருமுத்து துள்ளி எழுந்தது.

"சடைச்சி! இங்க வா! பூம்பொறியோட காலெழுத்து விலைக்கு வந்திருக்கு!"

காலெழுத்து என்பது வேறொன்றுமில்லை. பேர்பெற்ற பிராணிகள் ஈரக் களிமண் பலகையில் காலைப் பதித்துக் கொடுக்கும். அதைக் காயவைத்துக் குகையில் மாட்டிக்கொண்டால் ஊரே வாய் பிளக்கும்.

விற்பவரின் பெயர் 'அன்னம் அரும்பொருள் நிலையம்'. படத்தில் ஒரு வெள்ளை அன்னம் தாமரைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றது. பாலையும் நீரையும் பிரிக்கிற பிறவி பொய் சொல்லுமா? கருமுத்து உருகிவிட்டது.

மனைவி சடைச்சி எட்டிப் பார்த்தது. "என்ன கேக்குறாங்க?"

"மொட்டைப்பாறைத் தேனடை."

சடைச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலம் முழுக்க இரண்டு குட்டிகளுக்கும் அந்தத் தேனடைதான் சோறு. மழை இறங்கிவிட்டால் புற்றெல்லாம் சேறாகிவிடும், கரையானும் கிடைக்காது.

"ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா? குட்டிங்க என்னத்தைத் தின்னும், களிமண்ணையா?"

"உனக்குக் கலை தெரியாது."

"சரி, தெரியாது. அந்தச் சிறுத்தை எங்க வெச்சு மிதிச்சுது? பக்கத்துல யாரு இருந்தா? அதையாவது கேட்டீங்களா?"

கருமுத்து கேட்டது. மறுநொடியே பதில் வந்தது. 'அன்புள்ள ஐயா, தங்களைப் போன்ற ரசிகர் கிடைப்பது அரிது. பலகையோடு அசல் சான்றிதழும் தருகிறோம். இன்னும் ஒன்றே ஒன்றுதான் உள்ளது.'

கேட்ட கேள்வி வேறு, வந்த பதில் வேறு. கருமுத்துவுக்கு அது தெரியவில்லை. 'தங்களைப் போன்ற ரசிகர்' என்ற இடத்திலேயே அதன் மூளை படுத்துத் தூங்கிவிட்டது.

"சான்றிதழ் யாரு குடுக்குறா?" என்றது சடைச்சி.

"அன்னம்தான்!"

"விக்கிறதும் அன்னம், உண்மைன்னு சொல்றதும் அன்னமா?"

"வேற யாரு சொல்லணும்? தவளையா?"

பிறகு அன்னம் இன்னொரு சேதி அனுப்பியது. 'ஆப் மூலம் வாங்கினால் தேனில் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். நாம் நேரடியாக முடித்துக்கொள்வோம். தேனடையைப் பெரிய ஆலமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். அன்னங்கள் கூச்ச சுபாவம் உள்ளவை.'

எவ்வளவு நாகரிகம் பாருங்கள்! வாங்குபவனின் முகத்தைப் பார்க்கவே வெட்கப்படுகிற வியாபாரி! கருமுத்து தேனடையை அறுத்து, மரத்தடியில் வைத்துவிட்டு, சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தது.

கூரியர் காக்கை பலகையைக் கொண்டு வந்தது. கண்ணாடிப் பெட்டி. சுற்றிலும் அரக்கு. மேலே ஒரு சீட்டு: 'திறக்காதீர். முகராதீர். மூச்சுக்காற்று பட்டால் தடம் கரையும். திறந்த பொருள் திருப்பி எடுக்கப்படாது.'

கருமுத்து பெட்டியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தது. ஒரு பாதம், நான்கு விரல், ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் ஒரு நகம். ஓரத்தில் கூழாங்கல் அழுத்திய சின்னப் பள்ளம்.

"நகத்தைப் பாருடி! எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு! போலியா இருந்தா இப்படி இருக்குமா?"

கரடிக்கு நகம்தான் கௌரவம். நகம் இல்லாத கால் அதன் கணக்கில் காலே இல்லை. அதனால் ஐந்து நட்சத்திரம் போட்டு ஆப்பில் எழுதியது: 'அசலோ அசல்! நகம்கூடப் பதிந்திருக்கிறது! கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்!' கடைசி வரி மட்டும் முழு உண்மை.

பலகையைப் பார்க்கக் காடே வந்தது. பக்கத்துப் புதரில் குடியிருந்த காட்டுப்பன்றி கிழங்கப்பன் பெட்டி முன்னால் நெடுநேரம் நின்றது.

"மச்சான், எனக்கும் ஒண்ணு வேணுமே!"

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, மாப்ள. அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்."

அன்றைக்கே கிழங்கப்பன் போனை நீட்டியது. "இதோ இருக்கே! இன்னும் ஒண்ணே ஒண்ணு உள்ளதுன்னு போட்டிருக்கான்!"

சடைச்சி அந்தப் படத்தைப் பார்த்தது. பிறகு சுவரில் இருந்த பலகையைப் பார்த்தது. "ரெண்டுலயும் அதே இடத்துல கூழாங்கல் பள்ளம் இருக்கே?"

"வீராங்கனை இல்லையா! எப்ப மிதிச்சாலும் ஒரே சீராத்தான் மிதிக்கும்!" என்றது கருமுத்து. "கிழங்கப்பா, யோசிக்காம வாங்கு. நான் சொல்றேன்ல?"

கிழங்கப்பனும் யோசிக்கவில்லை. மழைக்காலத்துக்கு வைத்திருந்த கிழங்கு மேடு முழுவதையும் தோண்டி எடுத்ததும் கொண்டுவந்து தருவதாக அன்னத்திடம் ஒப்புக்கொண்டது.

மழை வந்தது. வந்தது என்ன, கொட்டித் தீர்த்தது. குட்டிகள் குகையின் மூலையில் சுருண்டு கிடந்தன. கருமுத்து வெளியே போய்ச் சேற்றைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு வரும். சின்னக் குட்டி பழைய தேன்கறை படிந்த கல்லை நக்கிக்கொண்டே தூங்கிப்போனது.

அப்போது குகை வாசலில் யாரோ உடம்பை உதறும் சத்தம் கேட்டது.

"அண்ணே, மழை விடுற வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கிக்கலாமா?"

பூம்பொறி! சாட்சாத் பூம்பொறி! கருமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டியது.

"தாயி! உங்க காலெழுத்து! தினமும் கும்பிடுறேன்!"

சிறுத்தை உற்றுப் பார்த்தது. "இது யாரு காலு?"

"உங்க காலுதான்!"

"நகம் இருக்கே அண்ணே! நாங்க பூனைச் சாதி. நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்குவோம். என் நகம் வெளிய வர்றது யாரையாவது அறையும்போதுதான். வேணும்னா இப்ப காட்டட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!"

"நான் யாருக்கும் கால் பதிச்சுக் குடுத்ததே இல்லையே. யாரும் கேட்டதும் இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கேன். வந்து கேட்டிருந்தா சும்மா மிதிச்சுக் குடுத்திருப்பேன்."

சொன்னதோடு நில்லாமல் வாசல் சேற்றில் ஒரு கால் பதித்துக் காட்டியது. நான்கு விரல், ஒரு பாதம். நகமே இல்லை.

சடைச்சி பெட்டியை வாங்கியது. தரையில் ஒரே போடு! கண்ணாடி சிதறியது. கருமுத்து குனிந்து முகர்ந்தது. வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாக, அந்த மகா மூக்கு வேலை செய்தது.

கழுதைப்புலி நாற்றம்! அதோடு கலந்து இன்னொரு வாசனை. மொட்டைப்பாறைத் தேன்! திருடன் தேனைத் தின்றுவிட்டு, விரலைக்கூடத் துடைக்காமல் பெட்டி கட்டியிருக்கிறான். குட்டிகள் ஓடிவந்து அந்தக் களிமண்ணை நக்கத் தொடங்கின.

கருமுத்துவுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையோடே மழையில் இறங்கி, நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அது நேரே பெரிய ஆலமரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. மரத்துக்குப் பின்னால் புதருக்குள், பின்பக்கம் தாழ்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு கழுதைப்புலி உட்கார்ந்திருந்தது. அன்னம்!

"என் தேன் எங்கடா?" என்று உறுமியது கருமுத்து.

"செரிச்சுப் போச்சு," என்றது கழுதைப்புலி, கொஞ்சமும் பதறாமல். "மெதுவாப் பேசுங்க ஐயா. அதோ, பன்றி கிழங்கு கொண்டு வருது."

உண்மைதான். தூரத்தில் கிழங்கப்பன் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் குரங்கும் மானும் முயலும் வேடிக்கை பார்க்க வந்தன.

"பாதிக் கிழங்கு உங்களுக்கு," என்று கிசுகிசுத்தது கழுதைப்புலி. "உங்க குட்டிங்க மழைக்காலம் பூரா சாப்பிடும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். வெளிய சொன்னா யாருக்கு அவமானம்? அஞ்சு ஸ்டார் போட்டது நானா, நீங்களா? உங்க எழுத்தை நம்பித்தானே பன்றியே வருது! எனக்கு உங்களைவிட நல்ல வேலைக்காரன் கிடைக்கல ஐயா!"

கருமுத்து தன்னையறியாமல் புதருக்குள் குனிந்து உட்கார்ந்தது. கல்லை நக்கிக்கொண்டு தூங்கிய குட்டி நினைவுக்கு வந்தது. பாதிக் கிழங்கு! வாயைத் திறக்காமல் இருப்பதில் என்ன கஷ்டம்?

கிழங்கப்பன் மூட்டையை மரத்தடியில் வைத்தது. "அன்னம் அம்மா! வெச்சுட்டேன்! திரும்பிப் பார்க்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு, சொன்ன சொல் தவறாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பியது. கருமுத்துவுக்கு அதைப் பார்க்கத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இந்தப் பன்றிக்கும் வீட்டில் குட்டிகள் உண்டு.

"கிழங்கப்பா! நில்லு!" என்று புதரிலிருந்து எழுந்தது கருமுத்து. "நான் ஏமாந்துட்டேன்! அந்தக் காலெழுத்து போலி. நகம் இருக்குன்னு பெருமையா எழுதினேனே, அந்த நகம்தான் போலிங்கிறதுக்கு அத்தாட்சி. தேனைக் குடுத்துட்டுக் களிமண்ணை வாங்கின முட்டாள் நான்!"

முதலில் முயல் சிரித்தது. பிறகு குரங்கு சிரித்தது. மான் சிரித்தது. மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கிழங்கப்பன்தான்! நாசூக்கான காடு அது.

"சிரிச்சு முடிச்சீங்களா?" என்றது கருமுத்து. "முடிச்சாச்சுன்னா அன்னத்தைப் பாருங்க!" புதருக்குள் கைவிட்டுக் கழுதைப்புலியை வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது.

கிழங்கப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. தலையைத் தாழ்த்தி ஒரு பாய்ச்சல்! கழுதைப்புலி கரணம் அடித்து எழுந்து, பேய்ப்பள்ளம் பக்கம் ஓடியது. அன்று அது தாவிய தாவலைப் பூம்பொறி பார்த்திருந்தால் அதனிடம் காலெழுத்து கேட்டிருக்கும். வால்முடி மட்டும் கருமுத்துவின் கையில் மிஞ்சியது.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான், மச்சான்," என்றது கிழங்கப்பன், மூச்சு வாங்கியபடி. "உனக்காகத்தான் ஒண்ணும் சொல்லல."

"ஆமாமா, அதான் கண்ணை மூடிக்கிட்டு நின்ன!"

கிழங்கப்பன் மூட்டையைத் திரும்ப இழுக்கப் பார்த்தது. தோண்டி எடுத்த கிழங்கு மழையில் நனைந்து கனத்துப் போயிருந்தது. எப்படியும் அழுகுவதற்குள் மொத்தத்தையும் தின்று தீர்க்க முடியாது. நெடுநேரம் முனகிவிட்டு, "பாதியை உன் குட்டிங்களுக்கு எடுத்துக்க. ஏதோ, அழுகுறதுக்கு இது தேவலை," என்றது. பன்றி வாயிலிருந்து அதற்குமேல் நன்றி வராது.

கருமுத்து கிழங்கைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பூம்பொறி போய்விட்டது. வாசல் சேற்றில் அது பதித்த அசல் காலெழுத்தின்மேல் குட்டிகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன. பாதி அழிந்தே போயிருந்தது. கருமுத்து அதட்டவில்லை. கிழங்கை உரித்து அவற்றின் வாயில் ஊட்டியது.

பிறகு போனை எடுத்து ஐந்து நட்சத்திரத்தை அழித்தது. நடந்ததை நடந்தபடி எழுதியது. காடு முழுக்க அதைப் படித்துச் சிரித்தது. ஆனால் அன்னத்திடம் பிறகு யாரும் வாங்கவில்லை.

கொஞ்ச நாளில் ஆப்பில் ஒரு புதுக் கடை வந்தது. 'புறா புனிதப்பொருள் நிலையம். யானையரசரின் அசல் காலெழுத்து. இன்னும் ஒன்றே ஒன்று!' படத்திலிருந்த யானைக்காலில் அதே நான்கு விரலும் நான்கு நகமும், ஓரத்தில் அதே கூழாங்கல் பள்ளமும் இருந்தன.

கருமுத்து போனைச் சடைச்சியிடம் நீட்டியது. "இது எப்படி?"

"முகர்ந்து பாருங்க," என்றது சடைச்சி.

கருமுத்து முகர்ந்தது. கண்ணாடி வாசனைதான் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யானையரசரையே நேரில் கேட்டுவரக் கிளம்பியது.

விற்பவன் தன் பொருளுக்குத் தானே தரும் சான்றிதழை நம்பி வாங்காதே; நம்பி ஏமாந்துவிட்டால் வெட்கத்தில் அதை மறைத்து அடுத்தவனையும் ஏமாற விடாதே.